அத்தா பேசிய கேசட்

இருபது வருடமாக ராக் இசை பற்றி எழுதியும் வானொலியில் பேசியும் பிழைக்கிறேன். இன்று மதிய நிகழ்ச்சிக்காக ஒரு பழைய கேசட்டை ஓடவிட்டேன். பாட்டுக்கு முன்னால் வந்த மெல்லிய இரைச்சல் என்னைக் கோட்டக்குப்பம் வீட்டில் கொண்டுபோய் விட்டது.

துபாயில் வேலை பார்த்த அத்தா, என் அப்பா, கடிதம் எழுதமாட்டார். அறைத்தோழரின் பாட்டுக் கேசட்டில் பேசி அனுப்புவார். அவர் பேச்சு முடிந்ததும் கொஞ்சம் இரைச்சல். பிறகு அழியாமல் மிச்சமிருந்த கிட்டார் அலறும். எனக்கு அதுதான் வேண்டும். அத்தா பேச்சை வேகமாக ஓட்டிவிடுவேன்.

"அத்தா பேசிக்கினு இருக்காருடா, பேஜாரு பண்ணாத!" என்பார் அம்மா.

பதிலை அதே கேசட்டில், அத்தாவின் பேச்சு அழிய அதன் மேலேயே பதிந்து அனுப்புவோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடைசியாகப் பதிந்த பதிலை அனுப்பவே இல்லை. அதற்குள் அத்தா இறந்த செய்தி வந்துவிட்டது.

அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. "அத்தா, நல்லா இருக்கீங்களா? ஜல்தி வந்துடுங்க." பிறகு இரைச்சல். பிறகு கிட்டார்.

அத்தாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவில்லை. அவர் பேசிய இடத்திலெல்லாம் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.