காசிம் பாய் கேட்ட ரொட்டி

சென்ற வெள்ளிக்கிழமை பாகூர்ச் சந்தையில் நான் கேழ்வரகு அளந்துகொண்டிருந்தபோது, குருவிநத்தத்திலிருந்து வந்த வண்டிக்காரர் இறங்காமலே சொன்னார்: “செட்டியாரே, காசிம் பாய் மவுத்தாயிட்டாரு. சாயந்தரம் அடக்கம்.” படி என் கையிலேயே நின்றுவிட்டது. பாய் விஷயத்தில் உங்களிடம் நான் ஒப்புக்கொள்ளவேண்டிய குற்றம் ஒன்று உண்டு.

அவர் அந்தக் காலத்துத் துணி வியாபாரி. நூறு வயதைத் தாண்டியவர். அதில் இரண்டு மூன்று நானே கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். காலையில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சாப்பிடுவார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் மூளைக்கு அந்த ஆதாரமே போதும். சந்தை நாளில் அவரைக் கடையில் மூட்டை மேல் உட்காரவைத்து, “பாருங்கள், கூழின் மகிமை” என்று சரக்கு விற்றேன். வீட்டில் என் நான்கு பிள்ளைகளுக்கும் மூன்று வேளையும் கூழ்தான். சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கண்டாலே ஓடி ஒளிவார்கள்.

ஒருநாள் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே பாய் சொன்னார்: “கூழுல இன்னா கீது செட்டியாரே? எங்க அத்தா, பெரியத்தா எல்லாம் தொண்ணூறு தாண்டுனவங்க. பெரியத்தாவுக்குத் தினம் கறி வோணும். எல்லாம் ரத்தம்பா. எங்க வூட்டுக்காரி என் சட்டிக் கூழத்தான் குடிச்சா. நாப்பதுலயே போயிட்டா.”

“பாய் தன்னடக்கமாப் பேசறாரு” என்று சிரித்துச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பல் போன பிறகு அவருக்கு ஓர் ஆசை. புதுச்சேரியில் வெள்ளைக்காரர் தெருப் பக்கம் சுடுகிறார்களே, அந்த ரொட்டியைப் பாலில் நனைத்துச் சர்க்கரை தூவித் தின்னவேண்டும். வாரந்தோறும் சரக்குக்குப் போகும் என்னிடம் கேட்டார். கூழ்ப் பாய் ரொட்டி தின்பதை ஊர் பார்த்தால் என் வியாபாரம் என்னாவது? “மறந்துட்டேன் பாய்” என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

“நூறு வயசு எனக்கா ஒனக்கா? இன்னும் ரெண்டு சட்டி கூழு குடிய்யா” என்றார். கடைசியாக வந்தபோது ரொட்டியைப் பற்றிக் கேட்கவேயில்லை.

குருவிநத்தத்தில் அடக்கம் முடிந்ததும் பாயுடைய தம்பியிடம் போய் உண்மையைச் சொன்னேன். எண்பதைத் தாண்டிய அவர் கைத்தடி இல்லாமல் நின்றிருந்தார்.

“நீ மறக்கலன்னு அண்ணனுக்குத் தெரியும்” என்றார். “‘நாலு புள்ளைக்காரன், பொழச்சுப் போறான், போயிக் குந்திட்டு வரேன்’னு சொல்லிட்டுத்தான் வண்டி ஏறுவாரு.”

பாயின் தம்பி என்னைத் திட்டியிருந்தால் ஓரிரவாவது தூங்கியிருப்பேன். பாயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ‘பொழச்சுப் போறான்’ என்ற அந்த ஒரு பேச்சுதான். “இதைச் சாப்பிட்டால் நூறு வயசு இருக்கலாமா?” என்று நேற்று ஒருவர் கடையில் கேழ்வரகைக் காட்டிக் கேட்டார்.

“பசி அடங்கும்” என்றேன்.