திருப்பி அனுப்பிய கல் லாரி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெள்ளைக் கல்லெல்லாம் பேய். கீழப்பழுவூர்ப் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அப்பாவுக்குக் கல்லடைப்பு வந்து இரண்டு ஆபரேஷன் ஆனபோது, பழி முழுவதையும் அந்தச் சுண்ணாம்பின் மேல்தான் போட்டோம்.

வளைகுடாவில் எனக்குக் கிடைத்தது, மின்சாரமும் குடிநீரும் சேர்ந்து தயாராகும் ஒரு நிலையத்தில் உதவியாளர் வேலை. வாயுவை எரித்து மின்சாரம் எடுப்பார்கள். மிஞ்சுகிற சூட்டில் கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீர். பெரிய அடுப்பின் மிச்சச் சூட்டில், பக்கத்துக் கொடியடுப்பில் வெந்நீர் வைக்கிற அதே கணக்குதான். ஆறோ ஏரியோ இல்லாத அந்த ஊர் முழுக்க அதைத்தான் குடித்தது. முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். அப்பாவின் வைத்தியமோ என் சம்பளத்தை நம்பியிருந்தது.

சேர்ந்த முதல் வாரமே, தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. உள்ளே சுண்ணாம்புக்கல் சல்லி. குடிக்கிற தண்ணீர் இருக்கிற இடத்தில் இதைக் கொட்ட எவன் சொன்னான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரையும் கேட்கவில்லை. டிரைவருக்கு என் பேச்சு புரியவில்லை; கையைக் காட்டியே விரட்டினேன். வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, ஊரையே காப்பாற்றிய தோரணையில் சாப்பிடப் போனேன்.

மறுநாள் தண்ணீரை வெளியே அனுப்ப முடியாமல் நிறுத்திவிட்டார்கள். தண்ணீரைச் சோதிக்கும் லேபில் எங்கள் ஊர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர்தான் ஓடி வந்தார்.

"என்னண்ணே பண்ணிட்டீங்க? காய்ச்சி எடுத்த தண்ணியில சத்துன்னு ஒண்ணும் இருக்காது. அப்படியே வுட்டா குழாயை அரிச்சுப்புடும். அந்தக் கல்லு மேல ஓடவுட்டுத்தான் ஊருக்கு அனுப்பணும். இருந்த கல்லும் தீந்துபோச்சு."

"சுண்ணாம்பையா தம்பி? அதைக் குடிச்சுத்தானே எங்கப்பா..."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அப்பாவின் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மேலதிகாரி முன்னால் போய் நின்றேன். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது அந்தத் தம்பி, புதிதாக வந்தவருக்குக் கல் எதற்கென்று தான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தன் தப்பு என்றார். அது அவர் வேலையே இல்லை. எச்சரிக்கைக் கடிதம் அவருக்குப் போனது, என் வேலை பிழைத்தது. அப்பா இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு.

நன்றி சொல்ல எனக்கு வாய் வரவேயில்லை. முதல் லீவில் ஊருக்குக் கிளம்பும்போது, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"எங்க வூட்டுலேருந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டாங்கண்ணே. இங்க போடுற டீ டீயாவே இல்ல."

லப்பைக்குடிக்காட்டில் அவருடைய அம்மா, "தண்ணியா கேட்டான், கிறுக்குப் பய!" என்று சிரித்துக்கொண்டே குழாயில் பிடித்துக் கொடுத்தார். லுங்கியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.

லேபில் தம்பி அதை முதலில் சோதித்துப் பார்த்தார். "ஃபெயிலுண்ணே, அம்புட்டும் சுண்ணாம்பு!" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலில் ஊற்றினார். பால் இல்லாத டீயின் மேல் எங்கள் வீட்டில் படர்வதுபோலவே மெல்லிய ஏடு படர்ந்தது. ஆயுசெல்லாம் நான் பயந்த தண்ணீர். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.