கிளடிஸ் அன்ரிக்கு ஒரு வரி

றீற்றாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வந்தாலும் பிழையில்லை, அவள் வேலை அப்படி. இருபத்து மூன்று வருடங்களாகக் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வார்ப்புப் பட்டறையில், வெண்கலப் பலகைகளின் எழுத்துகளை அரத்தால் ராவி, பிசிறெடுத்து மினுக்குகிறாள். ஒஷாவா தொடக்கம் மார்க்கம் வரை பழைய வீடுகளில் 'இங்கே முதலில் குடியேறியவர்' என்று பளபளக்கிற பலகைகளில் பாதி அவள் கைபட்டவை. முதலில் குடியேறினாராம்! அதற்கு முன் ரூஜ் ஆற்றில் மீன் பிடித்த பூர்வகுடிகள் மனிசரில்லையா? அப்படிக் குடியேறின வெள்ளைக்காரத் துரைக்குப் பத்துப் பிள்ளை பெற்றவளுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் 'மனைவியுடன்'. ஒவ்வொரு முறையும் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மினுக்குவாள். சோறு அதில்தான்.

ரூஜில் அப்படியொரு துரையின் பலகை தொங்குகிற பண்ணைவீடு உண்டு. எண்பத்தேழில் அதைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, அகதியாய் வந்திறங்கிய பதினாறு பேரை வைத்துப் பார்த்தவர் மன்னாரைச் சேர்ந்த கிளடிஸ் அன்ரி. றீற்றா அந்தப் பதினாறில் ஒருத்தி. வாகீசன் இன்னொருவன். அவன் காய்ச்சலில் கிடந்த இரண்டு கிழமையும் தன் கட்டிலை அவனுக்கு விட்டுவிட்டுக் குசினி நிலத்தில் படுத்தவர் அன்ரி. இன்று அவன் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர். அன்ரிக்கு எண்பத்தாறு வயது, கண் தெரியாது.

அந்த வீட்டில் வந்திறங்கிய தமிழருக்கும் சங்கம் ஒரு பலகை வைக்கப்போகிறது, அதுவும் தன் பட்டறையில்தான் செய்யப்போகிறார்கள் என்று கேட்டதும் றீற்றாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசகம் வருமுன்னரே அன்ரியிடம் ஓடினாள். "அன்ரி, உங்கட பேரை நான் என்ர கையால மினுக்கப்போறன்!" அன்ரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசகம் வந்தது. அகதிகளுக்கு இரண்டு வரி. மிச்சமெல்லாம் தலைவர், செயலாளர், பொருளாளர். அடியில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, 'திறந்து வைத்தவர் வாகீசன்'. கட்டினவனை விட்டுவிட்டுத் திறந்தவனைப் பொறிக்கிற எங்கள் புத்தி கடல் கடந்தும் மாறவில்லை. கிளடிஸ் என்ற பெயரே இல்லை.

உடனே வாகீசனுக்குப் போன் அடித்தாள்.

"கிளடிஸ் அன்ரி எங்கை, அண்ணை?"

"உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேர் போடுறேல்லை எண்டு கொமிற்றி முடிவெடுத்தது, றீற்றா."

"அப்ப நீங்கள் எப்ப செத்தனீங்கள்?"

"உது திறக்கிறவற்ற பேர். அது வேற."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யிறதுக்கும் ஒரு கொமிற்றி வேணுமோ?"

அவன் போனை வைத்துவிட்டான்.

இந்தப் பலகையைத் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னாள். சங்கம் கையெழுத்துப் போட்டாயிற்று, செய்யாவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்றார் அவர். ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போவது? செய்தாள். தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. கைப்பழக்கம் கோபத்தைக் கேட்குமா? அவள் செய்ததிலேயே அதுதான் வடிவாக வந்தது. அன்ரியிடம் உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

திறப்பு நாளன்று அன்ரியே போன் எடுத்தார். "என்னை வந்து ஏத்து பிள்ளை, சீலை கட்டிட்டன்." மறுக்கத் துணிவில்லாமல் சக்கர நாற்காலியோடு கூட்டிப்போனாள். மேடையிலிருந்து ஒருவரும் அன்ரியைக் கூப்பிடவில்லை. திரை விலகியது, கைதட்டினார்கள். வாகீசன் பொன்னாடையோடு பலகைக்குப் பக்கத்தில் படத்துக்கு நின்றான்.

"என்னைக் கிட்டக் கொண்டுபோ."

கொண்டுபோனாள். அன்ரி பலகையை மெல்லத் தடவினார்.

"ஒரு பிசிறும் இல்லை. நல்லா மினுக்கியிருக்கிறாய். என்ர பேர் எந்த வரி?"

றீற்றா வாகீசனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பினான். அவள் அன்ரியின் விரல்களைப் பிடித்து, கடைசி வரியில் அவன் பெயரின் எழுத்துகள் மீதே வைத்தாள்.

"இதுதான் அன்ரி."

அன்ரி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் தடவினார். பிறகு திரும்பவும் ஒருமுறை.

"எவ்வளவு பெரிசாப் போட்டிருக்கிறாங்கள்! வாகீசன்ர வேலையாத்தான் இருக்கும். நன்றி மறக்காத பெடியன்."

படம் எடுப்பவர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். வாகீசன் வாயைத் திறக்கவில்லை.