மன்னருக்கு ஒரு மனு

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் ஆளுக்கொரு உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்தது ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் ஆரம்பகாலப் போராட்டம். எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவளோடு உட்கார்ந்துதான் படித்தேன்.

தங்கள் மண்ணிலேயே உரிமையற்றுக் கிடந்த அந்த மக்களில் ஒரு முதியவர், 1930களில் இங்கிலாந்து மன்னருக்கு மனு எழுதினார். எங்கள் இனம் அழியாமல் காப்பாற்றுங்கள், நாடாளுமன்றத்தில் எங்களுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். வருடக்கணக்கில் கையெழுத்துச் சேர்த்தார்கள். ஆஸ்திரேலிய அரசாங்கம் அந்த மனுவை மன்னருக்கு அனுப்பவே இல்லை.

"ஏம்மா அனுப்பல?"

"தெரியலடா. பயந்திருப்பாங்க."

"வெறும் கையெழுத்துக்கா?"

அந்த வெள்ளிக்கிழமை மதியம் நான் கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தால், அவள் நீளமான ஒரு தாளோடு வாசலில் நிற்கிறாள். மேலே ஆங்கிலத்தில் 'மாட்சிமை தங்கிய மன்னருக்கு'. அதன் கீழே 'எங்களையும் மனிதர்களாக நடத்துங்கள்'. அதற்கும் கீழே துபாயில் எங்கள் கட்டடத்துக்காரர்களின் கையெழுத்துகள், பக்கத்திலேயே ஃபிளாட் நம்பர்கள்.

"எல்லார் வீட்டுக்கும் போனேம்மா. எதிர் வீட்டு ஆன்ட்டி, 'எந்த ராஜாவுக்குடி? இங்க ஷேக்குதானே இருக்காரு'ன்னு ஒரே சிரிப்பு. வாட்ச்மேன் பாய் படிக்கவே இல்ல. 'அச்சா பேட்டி, நல்ல பொண்ணு'ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

அனுமதியில்லாமல் இங்கே எதற்கும் கையெழுத்து வாங்கக் கூடாது என்று துபாய் வந்த முதல் வாரமே யாரோ சொல்லியிருந்தார்கள். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று நான் பார்த்ததில்லை. கணவரின் விசா புதுப்பிக்கும் பேப்பர்கள் அந்த வாரம்தான் அரசு அலுவலகத்துக்குள் போயிருந்தன. யாராவது போட்டோ எடுத்து பில்டிங் குரூப்பில் போட்டால்? வாட்ச்மேனின் வேலை போய்விட்டால்?

தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். பெயர்கள் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாக.

"அம்மா, அது சும்மாம்மா! ப்ராஜெக்ட்டுக்கு!"

சாயங்காலம் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மேல அந்தப் பழைய வருஷத்தப் போட்டு, ஸ்கூல் ப்ராஜெக்ட்னு எழுதியிருந்தா முடிஞ்சது. இதுக்குப் போய் கிழிப்பாங்களா?"

"விசா பேப்பர் உள்ள இருக்கேங்க..."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

மறுநாள் மகளிடம், "வருஷம் போட்டு மறுபடி வாங்கலாமா? நானும் கூட வரேன்" என்றேன்.

"வேணாம்மா. முன்னாடி போட்டது என்னாச்சுன்னு கேப்பாங்க."

பேசும் நாளன்று பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். நன்றாகவே பேசினாள். அந்த முதியவரைப் பற்றி, அனுப்பப்படாத மனுவைப் பற்றி. முடித்ததும் ஆசிரியை கேட்டார், "நீயும் ஒரு மனு தயார் செய்வதாகச் சொன்னாயே, எங்கே?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "தொலைச்சிட்டேன் மிஸ்."

"இவ்வளவு கவனக்குறைவா?" என்றவர், அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து, கிழித்தது நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஏன் கிழித்தேன் என்று கேட்டால் அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அடுத்த குழந்தை பேச ஆரம்பித்துவிட்டது.

காரில் கேட்டேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"இல்லன்னா உன்னத் திட்டுவாங்கல்ல" என்றாள்.