இலுப்பூர்த் தைலங்காட்டில் ஒரு சம்மதத்துக்குக் காத்திருந்தோம்

ஐரோப்பாவில் ஏதோ ஒரு மின்நிலையத்தில் எரியப்போகும் மரம் எங்கே வளர்கிறது என்று பார்த்துவர, போன ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இலுப்பூர்ப் பக்கம் போனேன். கோயில், அருவி, நல்ல சாப்பாடு என்று இங்கே எழுதினாலும் எனக்குச் சோறு போடுவது வேறு வேலை. வெளிநாட்டு நிறுவனங்கள் மரம் வாங்குவதற்கு முன், அது வளரும் நிலத்தை நேரில் பார்த்துப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அலுவல் பயணத்தை ஊர் சுற்றலோடு சேர்த்துக்கொள்வது என் கெட்ட பழக்கம். இந்த முறை சேர்த்திருக்க வேண்டாம்.

விஷயம் புரியக் கொஞ்சம் ஐரோப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே நிலக்கரிக்குப் பதிலாக மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கிறார்கள். அதைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று கணக்கில் சேர்க்கிறார்கள். உக்ரைன் போர் வந்து ரஷ்யப் பக்கத்து மரம் நின்றுபோனபோது விலை எகிறியது, வாங்குகிறவர்கள் உலகமெல்லாம் மரம் தேடினார்கள். பிறகு விலை இறங்கிவிட்டது. விதிகள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. மரம் எந்த நிலத்தில் வளர்ந்தது, 2008 ஜனவரியில் அந்த நிலம் காடாக இருந்ததா, வெட்டுவதற்கு அக்கம்பக்கத்தார் சம்மதித்தார்களா என்றெல்லாம் என் படிவம் கேட்கும். கேள்விகளை நான் கிண்டல் செய்யவில்லை. காட்டை அழித்து எரித்துவிட்டு அதைப் பசுமை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்தவை.

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் மதியம் 1.50க்கு வண்டி ஏறினேன். அன்னவாசல் வழியாக இலுப்பூர் 28 கிலோமீட்டர், டிக்கெட் 25 ரூபாய், ஒரு மணி நேரம். சித்தன்னவாசல் போகிறவர்கள் அன்னவாசலுக்கு முன்பே இறங்கிக்கொள்ளலாம். இலுப்பூரில் சேகர் என்பவரின் ஆட்டோ கிடைத்தது. போகவர 14 கிலோமீட்டர், காத்திருப்புச் சேர்த்து 450 ரூபாய். தைலமரத் (யூகலிப்டஸ்) தோப்பின் ஓரத்தில் நிறுத்தியதும் அவர் உள்ளே வர மறுத்தார்.

“நான் இங்கிட்டே நிக்கிறேங்க. ஆறு மணிக்கு ஹார்ன் அடிக்கிறேன், வந்துருங்க.”

“உள்ளே என்ன பயம்?”

“பயமெல்லாம் இல்லைங்க. காது அடைச்ச மாதிரி இருக்கும், எனக்கு ஆகாது.”

சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். நிலத்துக்காரர் பழனியம்மாள் (பெயரை மாற்றியிருக்கிறேன்) வரப்பில் காத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கணவர் இல்லை, மகன் குவைத்தில். மூன்று ஏக்கரிலும் தைலமரம்.

“2008 ஜனவரியில இதுல என்னக்கா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“கடலைங்க. தைலம் அதுக்கு அடுத்த வருசம் எங்க வீட்டுக்காரரு வச்சது. வச்சதுலேருந்து கெணத்துல தண்ணி எறங்கிருச்சு. இந்த மரத்த எடுத்துட்டு வர்ற ஆடியில கடலை போடணும் மேடம். அதுக்குத்தான் ஒங்களக் கூப்புட்டது.”

இலுப்பூர் பக்கத்து மரக்குச்சி ஆலை ஒன்று ஐரோப்பாவுக்கு முதல் சரக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தது. என் படிவம் தேறினால் ஆலையே இயந்திரமும் வெளியூர் ஆட்களும் அனுப்பி மரத்தை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்துக்கொள்ளும். உள்ளூர் வியாபாரிகள் மரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போவார்கள், அடிமரம் மறுபடி துளிர்த்துவிடும். ஆகவே அவருக்குக் கடலை வேண்டுமானால் ஐரோப்பா வேண்டும்.

உள்ளே நடந்தோம். நூறு அடி போனதும் சேகர் சொன்னது புரிந்தது. குருவி இல்லை, பூச்சி இல்லை, தரையில் புல் இல்லை. மருந்து வாசனை மட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அகலத்தில் ஒரே வரிசை. செருப்புச் சத்தம்கூட ஓர் அடிக்கு அப்பால் கேட்கவில்லை. பழனியம்மாள் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்த இரண்டு நொடிகளில் நான் வந்த திசையைத் தொலைத்துவிட்டேன்.

தோப்பின் மேற்கு ஓரத்தில் கோயில்காடு. செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். தரையில் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல் கோடு. இந்தப் பக்கம் சருகுகூட இல்லாமல் கூட்டி அள்ளியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுள்ளி. கோயில்காட்டிலிருந்து ஒரு காய்ந்த குச்சியைக்கூட யாரும் அடுப்புக்கு எடுப்பதில்லை. அதை ஒட்டிய நிலத்தில் மரம் வெட்டவும் சாமியைக் கேட்க வேண்டும்.

“ஊருல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆனா கவுளி சொன்னாத்தான்னு எழுதிப் போட்டுருக்காங்க” என்று தாளை நீட்டினார். கவுளி என்றால் பல்லி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூடம் காட்டி மூன்று தடவை கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். வெட்டப்போகும் மரத்தின் பக்கமிருந்து பல்லி சத்தமிட்டால் சம்மதம். கோயில்காட்டுப் பக்கமிருந்து வந்தால் கணக்கில் சேராது. மூன்று வெள்ளி கேட்டாயிற்றாம். இது நான்காவது.

5.15க்குச் சூடம் அணைந்தது. நின்றோம். சம்மதம் கேட்டதற்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று கைபேசியில் பதிவை ஓட விட்டேன். ஒரு கட்டத்தில் எனக்கு மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது. கோயில்காட்டுக்குள் ஏதேதோ சத்தம் இருந்திருக்க வேண்டும், அந்தக் கோட்டைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. மணி பார்த்தபோது 6.10. சேகர் ஆறு மணியிலிருந்து நான்கு தடவை ஹார்ன் அடித்திருக்கிறார். முந்நூறு மீட்டர்தான். எங்களுக்குக் கேட்கவில்லை.

பழனியம்மாள்தான் முதலில் பேசினார். “இந்த மரத்துல கவுளி ஏது மேடம்? பூச்சியிருந்தாத்தான கவுளி இருக்கும். மரத்த வெட்டுனாத்தான் கவுளி வரும். கவுளி சொன்னாத்தான் மரத்த வெட்டலாம்.” பிறகு என் படிவத்தைக் காட்டிச் சொன்னார்: “நீங்க ஆமான்னு போட்டுருங்க. வெளியூரு மெசினு வந்து வெட்டிட்டுப் போகட்டும். வெட்டுனது நானில்ல, இந்த ஃபாரம்தான்னு சாமிக்கிட்டச் சொல்லிக்கிறேன்.”

படிவத்தில் உள்ளூர்ச் சம்மதம்: ஆம், இல்லை. இரண்டே கட்டம். ஆம் என்று போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என் கை எழவில்லை. சாமிக்குப் பயந்தேனா, ஐரோப்பாவுக்குப் பயந்தேனா, சொல்லத் தெரியவில்லை. இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டுக் குறிப்பில் எழுதினேன்: ‘கேட்கப்பட்டது. பதில் வரவில்லை. காத்திருக்கிறார்கள்.’

“அப்ப நீங்களும் பயந்துட்டீங்க” என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் வலித்தது.

திரும்பும் பேருந்தில் பதிவைக் கேட்டேன். ஐம்பத்தைந்து நிமிடம். எங்கள் மூச்சுக்கூட அதில் இல்லை.

பத்து நாளில் ஐரோப்பாவிலிருந்து அஞ்சல் வந்தது. மிக மரியாதையான அஞ்சல். பதில் வரும்வரை கோப்பு திறந்தே இருக்கும், வந்ததும் தெரிவிக்கவும். பதில் சொல்ல வேண்டியவர் ஏதோ ஓர் அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள் போலும். நேர்மையாக எழுதுகிறேன் என்று ஒரு பெண்ணின் நிலத்தைப் பூட்டிவைத்திருந்தேன். ஆடிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அந்தப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்தன்னவாசலைக் காலையில் பாருங்கள், மதியம் பாறை சுடும். தைலங்காட்டுக்குள் உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை கிடையாது. கோயில்காட்டில் செருப்பைக் கழற்றுங்கள், ஞாபகத்துக்கு என்று ஓர் இலையைக்கூட எடுக்காதீர்கள். இலுப்பூரிலிருந்து திரும்பும் வண்டி நேரத்தை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி என் வீட்டில் நடந்தது. அதையும் எழுதாவிட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை. நான் திரும்பிய பிறகு ஒவ்வொரு வெள்ளியும் 5.15க்குப் பழனியம்மாள் அழைப்பார். ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியை ஒரு மரத்தின் வேரடியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். நானும் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆடிக்கு முந்தைய வெள்ளியன்று, என் மேசைக்கு மேலே குழல்விளக்கின் அடியிலிருந்து ஒரு பல்லி சத்தமிட்டது. மூன்று தடவை, தெளிவாக.

கைபேசியின் அந்தப் பக்கம் ஓடிவரும் சத்தம் கேட்டது.

“வேர்லேருந்து சொல்லுச்சு தங்கச்சி! மரத்து வேர்லேருந்து! ஒனக்குக் கேட்டுச்சா?”

அதுவரை என்னை மேடம் என்றே கூப்பிட்டவர். அழுதுகொண்டிருந்தார்.

“கேட்டுச்சுக்கா” என்றேன்.

அன்றே கோப்பில் ‘பதில் வந்தது, சம்மதம்’ என்று எழுதி அனுப்பினேன். நன்றி சொல்லி மூடிவிட்டார்கள். புதன்கிழமை இயந்திரம் இறங்கியது. ஆடி முடிவதற்குள் விதைத்து, முளைத்த கடலையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த மூன்று ஏக்கரை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுப் பல்லி அன்றிலிருந்து ஒரு தடவைகூடச் சத்தமிடவில்லை. விளக்கடியிலேயே இருக்கிறது. நான் இதைத் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.