வளைத்துப் பார்த்த இரும்பு

எங்கள் குசினிக் கதவுக்கு முட்டாக ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. கையகலத் தகடு, மாட்டு லாடம்போல வளைந்தது. வளைவின் முதுகில் குறுக்காக ஒரு தழும்பு ஓடுகிறது. இரண்டு தகடுகளை உருக்கி ஒட்டிய இடம் அது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த இரும்பு இல்லாவிட்டால் கதவு படாரென்று அடிக்கும், தொட்டிலில் கிடக்கும் சின்னவன் வீரிட்டு எழும்புவான். பள்ளிக்கூடம் போகிற மூத்தவளுக்கு இது சித்தப்பாவின் இரும்பு. ஒரு மாதமாக, இதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் என் கால் தயங்குகிறது.

அவர் என் கணவரின் தம்பி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்றாலும் அண்ணி என்றே அழைப்பார், நீங்கள் என்றே பேசுவார். மூத்தவள் பிறந்து இரண்டு மாதமான அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் உழைப்பு நின்றுபோயிருந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என் கணவரின் பாதத்தில் சுமை விழுந்து எலும்பு நொறுங்கியது. நொறுங்கிய பாதத்தோடு வரும் நாட்கூலிக்காரருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நாடு முழுவதும் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. விடியமுன் பேக்கரியில் பாணுக்கு வரிசை. மற்ற வேளைகளில் அவித்த மரவள்ளி. என் பால் வற்றத் தொடங்கியது. கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும் மருத்துவமாது தராசு முள்ளைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், அட்டையில் குறித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எஸ்.எஸ்.சி. வரை படித்தவள் நான். தாய்ப்பால் பற்றி அங்கே தந்த தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தாய் நல்ல உணவு உண்ணவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அப்போதுதான் அரசாங்கத்தின் தொழிற்பயிற்சிப் பகுதியும், துறைமுகக் கரையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு புதிய ஆலையும் சேர்ந்து வெல்டிங் பழக்க ஆள் எடுத்தன. மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஆறு மாதம் பழக்குவது அரசாங்கம். கடைசிப் பரீட்சையில் தேறுகிறவரை நிரந்தர வேலைக்கு எடுப்பது ஆலை. அதுவும் என் கணவர் கனவிலும் காணாத சம்பளத்துக்கு. தேறாதவருக்கு ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற கணவரின் தம்பிக்கு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவர் தெரிவானபோது, இனி அவர் கையை நம்பித்தான் நாங்கள் நான்கு பேரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாலையில் வந்ததும் பட்டறை இன்ஸ்ட்ரக்டரைப்போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடித்துக் காட்டுவார். “டேய், உன்னை நான் ஒட்டத்தானே சொன்னனான்? இதென்ன, கோழி இருந்துபோன கூரை மாதிரி எச்சம் எச்சமாக் கிடக்கு!” காலைக் கதிரையில் நீட்டியிருக்கும் என் கணவர் அந்த ஒரு வேளைதான் சிரிப்பார். நல்ல ஒட்டு என்றால் எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் வரவேண்டும்; காதைக் கொடுத்து வேலை செய்யவேண்டும் என்பது அந்த இன்ஸ்ட்ரக்டரின் பாடம்.

“அந்தச் சத்தமே மறந்துபோச்சு அண்ணி. ஒருக்கா வடை சுடுங்கோவன், படிப்புக்குத்தான்” என்பார். எண்ணெய்ப் போத்தல் காய்ந்து கிடப்பது அவருக்கும் தெரியும்.

பரீட்சை இதுதான்: இரண்டு தகடுகளை ஒட்டவேண்டும். ஆறியபின் அதை யந்திரத்தில் கொடுத்து வளைப்பார்கள். ஒட்டில் வெடிப்புக் கண்டால் ஆள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதற்கு முதல் நாள், விளக்கு வைக்கிற நேரம், அவருடன் பயிற்சி எடுத்த குறிஞ்சாக்கேணிக் கூட்டாளி அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்கள் வீங்கி மூடியிருந்தன, கன்னமெல்லாம் நீர். பட்டறையில் இரண்டு பேருக்கு ஒரு முகமூடிதான். ஒருவர் ஒட்டும்போது மற்றவர் தகட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பவேண்டும். காலையில் கண்ணில் பட்ட வெல்டிங் வெளிச்சம் பின்னேரந்தான் தன் வேலையைக் காட்டியிருந்தது.

“இவன் திரும்ப முந்தி நான் கொளுத்திட்டன் தங்கச்சி. ஒருக்கா இல்ல, நாலஞ்சு தரம்” என்று கூட்டாளி தலையில் கை வைத்தார். “நாளைக்குப் பரீட்சையெண்டு ரெண்டு பேரும் விசர் பிடிச்ச மாதிரித்தான் ஒட்டினோம்.” பிறகு என்னைப் பாராமல், என் கணவரிடம் குரலைத் தாழ்த்தினார். “தாய்ப்பால் விட்டாக் கேக்கும். பட்டறையில எல்லாரும் அதுதான் செய்யிற.” தண்ணீரைக் கடந்து ஊருக்குப் போகும் கடைசி லோஞ்சுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் போய்விட்டார்.

“வேண்டாம் அண்ணி. அது பிள்ளையின்ர பால். எனக்கு ஏலாது.”

“பேசாமக் கிட” என்றார் என் கணவர். “நாளைக்கு நீ தேறாட்டி அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கு?”

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் என்னைக் கொன்றது. திரைச்சீலைக்குப் பின்னால் போய், வெறும் பால்மாத் தகர ரின்னின் மூடியில் பிழிந்தேன். விரல் கடுத்ததுதான் மிச்சம். மூடியின் அடி நனைந்து கொஞ்சம் மேலே வந்தது, அவ்வளவுதான். பாயில் கிடந்த பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. மாதாவே, இதில் எது சரி என்று கேட்டேன். மூடியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணில் போடச் சீலை நனைக்கும் சாட்டில் கிணற்றடிக்குப் போனேன். வாளி நிறைந்த பிறகும் அங்கேயே நின்றேன். திரும்பி வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

வந்தபோது மூடி வெறுமையாக இருந்தது. அவர் கண்மூடிப் படுத்திருந்தார். பிள்ளை அழாமல் உறங்கிவிட்டது. பசியில் மயங்கிவிட்டதோ என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. விரலை எடுத்ததும் மறுபடி பயம் வந்தது, மறுபடி வைத்தேன்.

காலையில் முகம் கழுவி வந்து, “இப்ப நல்லம் அண்ணி, வடிவாத் தெரியுது” என்றார். வாசற்படியைக் காலால் தேடி இறங்கியதைக் கண்டேன். நித்திரைக் கலக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டாளி வீதியில் காத்திருந்தார். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்.

பின்னேரம் வந்து இந்த இரும்பை என் கையில் வைத்தார். “வளைச்சுப் பார்த்தவை அண்ணி. வெடிக்கேல்ல.” கண்களில் இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது, சந்தோஷம் என்று நினைத்தேன். “ஒட்டி முடியுமட்டும் உங்கட வடைச்சட்டிதான் காதுக்குள்ள கேட்டுது” என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

முதற் சம்பளத்தில் அவர் வாங்கி வந்தது பிள்ளைக்கு ஒரு பால்மா ரின். பிறகு மாதம் தவறியதில்லை. மூத்தவள் சோறு தின்னத் தொடங்கிய பிறகும் அது வந்துகொண்டிருந்தது. அந்த உழைப்பில் நாங்கள் நிமிர்ந்தோம். சந்தையடியில் என் கணவர் ஒரு சின்னக் கடை போட்டதும் அதில்தான். அரபு நாட்டில் வெல்டிங் தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடத் தருகிறார்கள் என்ற கதை வந்தபோது, அவரும் கூட்டாளியும் ஒன்றாகப் போனார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாமோ என்று யோசிக்காத நாளும் இல்லை.

சின்னவன் பிறந்த பிறகு, கண் நோவுக்குத் தாய்ப்பால் விடலாமா என்று மருத்துவமாதிடம் கேட்டேன். “படிச்ச பிள்ளை கேக்கிற கேள்வியே இது? கண் பழுதாப் போகும்” என்று ஏசினாள். அன்றிலிருந்து எனக்குள் ஒரு புழு. ஒன்றுக்கும் உதவாத ஒன்றுக்காகவா அன்று என் பிள்ளையைப் பசியில் போட்டேன்? அவர் கண்ணுக்கும் கெடுதல்தான் செய்தேனா?

போன மாதம் கூட்டாளி விடுமுறையில் வந்தார். வைத்த தேநீரைத் தொடவில்லை.

“அவனுக்கு ஒரு கண் போயிட்டு தங்கச்சி. இரும்புத் துண்டு தெறிச்சது. மத்தக் கண்ணும் மங்கலாம். ஆஸ்பத்திரியில வச்சிரிக்காங்க. உங்களுக்குச் சொல்லவேணாமெண்டுதான் சொன்னவன். சொல்லாம எப்படி நான் இந்தப் படலையைத் தாண்டிப் போற?”

அவரை ஊருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டேன். தெரியாதென்று தலையை ஆட்டினார்.

அவர் போன பிறகு என் கணவர் நெடுநேரம் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அண்டைக்கு அவன் அந்தப் பாலைக் கண்ணுக்கு விடேல்ல. நீர் கிணத்தடிக்குப் போன உடன மூடியைப் பிள்ளைக்குப் பருக்கச் சொன்னவன். கரண்டியால நான்தான் பருக்கினனான். உமக்குச் சொல்லக்கூடாதெண்டு பிள்ளையின்ர தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டான்.”

அப்படியானால் அன்று பிள்ளை உறங்கியது பசி மயக்கத்தில் அல்ல. அப்படியானால் அவர் படியைக் காலால் தேடியது நித்திரைக் கலக்கமும் அல்ல. பார்வை தெளியாமலே போய், சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இந்த இரும்பை ஒட்டியிருக்கிறார். என் கண்ணுக்கு முன்னால் நடந்தது எதையும் நான் காணவில்லை.

இப்போது எனக்குப் பால் தாராளம். சின்னவன் குடித்தும் மிஞ்சுகிறது. சில மாலைகளில் நெஞ்சு கட்டி வலிக்கும்போது பிழிந்து வாழையடியில் ஊற்றுகிறேன். அது மருந்தல்ல என்று தெரியும். தெரிந்தும், ஒரேயடியாக ஊற்ற மனம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். கடலுக்கு அப்பால், எந்த ஊர் எந்தக் கட்டில் என்றுகூடத் தெரியாத இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவருக்கு ஒரு சீலையை நனைத்துப் போடவும் என்னால் ஏலாது.

“சித்தப்பா எப்ப வருவார்?” என்று மூத்தவள் இன்றும் கேட்டாள். கிட்டடியில் வந்திடுவார் என்றேன். வெளியே கச்சான் உரத்து வீசுகிறது. கதவு மோத மோத இரும்பு அசையாமல் கிடக்கிறது. குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தழும்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்திலும் வெடிப்பு இல்லை.