காலியாக இருக்காத குழிகள்

எங்கள் வட்டார சர்வதேசப் பள்ளிகள் சங்கத்தின் செய்தி மடலை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் பிள்ளைகள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மரக்கன்று நடுவார்கள். நான் படம் எடுத்து, 'பசுமைப் பணி' என்று தலைப்புப் போடுவேன். ஒருமுறைகூடத் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

இந்த முறை, எதிரே இளநீர் விற்கும் அம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"போன வருஷமும் இதே குழிங்கள்லதான் நட்டீங்க. அதுக்கு முந்தின வருஷமும் இதேதான். தண்ணி யாரு சார் ஊத்துறது?"

என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். என் உயரத்துக்கு ஒரு புங்கமரம் நின்றது.

"உங்களுதுதான். இது ஒண்ணுதான் உசுரோட இருந்துச்சு, பிடுங்கியாந்து வச்சேன்."

மடலில் அப்படியே எழுதினேன்: 'மூன்று ஆண்டுகளாக ஒரே குழிகளில் நடுகிறோம். பிழைத்தது ஒன்று. அதை வளர்த்தவர்கள் நாம் அல்ல.'

மடல் வெளிவருமுன் சங்கச் செயலாளர் போன் செய்தார். "அந்த வரிய எடுத்துடுங்க சார்."

"எடுக்க மாட்டேங்க. வேணும்னா என்னை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். மடலை இப்போது வேறொருவர் எழுதுகிறார். நான் வாரம் இரண்டு நாள் குடத்தோடு அடி அண்ணாமலைக்குப் போகிறேன். அடுத்த ஆண்டு சங்கம் வரும்போது, படம் எடுக்க ஒரு குழிகூடக் காலியாக இருக்காது.